பழைய பாணி வால்வு ஆம்ப்: ஃபெண்டர், வோக்ஸ், மார்ஷல் – எது உங்கள் கைக்கு ஏற்றது?

மின்கிட்டாரை ஆம்பிளிஃபையரில் பொருத்தாமல் மீட்டினால், அடுத்த அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது. அதன் ஒலியில் பாதி ஆம்பில்தான் பிறக்கிறது. ஆனால், இசைக்குழு தொடங்கும் நம் இளையோர் பலர் கிட்டாரைத் தேர்ந்தெடுக்க வாரக்கணக்கில் அலைந்துவிட்டு, ஆம்பை மட்டும் “எத்தனை வாட்?” என்ற ஒரே கேள்வியோடு வாங்கிவிடுகின்றனர்.

1950, 1960ஆம் ஆண்டுகளின் வடிவமைப்பைப் பின்பற்றி இன்றும் தயாராகும் பெயர்பெற்ற வால்வு ஆம்புகளுக்குப் பல ஆயிரம் ரிங்கிட் கொடுக்க வேண்டும். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பணம் அது. வாங்கி வந்த ஆம்ப் அண்டை வீட்டாருக்குப் பயந்து மூலையில் முடங்கிக் கிடந்தால் யாருக்கு நட்டம்? எனவே, மூன்று பெரிய ஆம்ப் குடும்பங்களின் தொனி எப்படி இருக்கும், கைக்கு எப்படிப் படும், ஏன் அப்படி என்பதைப் பார்ப்போம்.

வால்வு என்ன செய்கிறது?

வீட்டில் வால்வு வானொலி இருந்த காலத்தைப் பெரியவர்கள் அறிவர். சுவிட்சைப் போட்டவுடன் பாட்டு வராது. உள்ளே கண்ணாடிக் குழாய்கள் சூடேறிய பிறகே குரல் எழும். கிட்டார் ஆம்பில் இருப்பதும் அதே வகை வால்வுதான். அமெரிக்கர்கள் அதை டியூப் என்கின்றனர்.

கிட்டாரிலிருந்து வரும் மின்குறி மிகச் சிறியது. வால்வு அதைப் பெரிதாக்குகிறது. அதன் சக்திக்கு மேல் வேலை வாங்கினால், ஒலி அலையின் உச்சியை அது வெட்டத் தொடங்கும். எளிய டிரான்சிஸ்டர் ஆம்ப் கத்தியால் நறுக்கியதுபோல் சட்டென வெட்டும். வால்வு பெரும்பாலும் மெல்ல மெல்ல மழுக்கும். அப்போது மூல சுரத்தோடு அதன் மேல்சுரங்களும் சேர்ந்து ஒலிக்கின்றன. கிட்டார் கலைஞர்கள் தேடும் அந்தக் கனமான, சற்றே கரகரத்த ஒலி இப்படித்தான் உண்டாகிறது.

தொனி வேறு, கை உணர்வு வேறு

சபையில் இருப்பவர் கேட்பது தொனி. வாசிப்பவரின் விரல் அறிவது கை உணர்வு. சீவாளி மாறினால் நாதஸ்வரக் கலைஞருக்கு ஊதும் விதமே மாறிவிடுகிறது அல்லவா? ஆம்பும் அப்படித்தான்.

இதற்கு ஒரு முக்கியக் காரணம் உண்டு. சுவரிலிருந்து வரும் மாறுதிசை மின்சாரத்தை நேர்திசை மின்சாரமாக மாற்றும் வேலையையும் சில ஆம்புகளில் ஒரு வால்வுதான் செய்கிறது. தந்திகளை ஓங்கி அடிக்கும்போது மின்தேவை திடீரென உயரும். அந்த வால்வால் உடனே ஈடுகொடுக்க முடியாது. மின்னழுத்தம் சற்று இறங்கி மீண்டும் ஏறும். ஒலியும் கொஞ்சம் அமுங்கி, பிறகு மலரும். விரலுக்கு மெத்தைபோல் இருக்கும், கார்வையும் நீண்டதுபோல் தோன்றும். வால்வுக்குப் பதில் டயோடு பொருத்திய ஆம்பில் அடித்த கணமே ஒலி விறைப்பாகப் பாயும்.

ஃபெண்டர்: தெளிவும் மினுமினுப்பும்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் உருவாக்கிய ஆம்புகளில் இரண்டு காலகட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். 1950களில் வந்தவை வைக்கோல் நிறத் துணி போர்த்திய ‘டுவீட்’ வகை. நடுத்தர ஒலி நிறைந்தவை, கொஞ்சம் முடுக்கினாலே கரகரப்பவை. 1963 முதல் வந்தவை கறுப்பு முகப்பு கொண்டவை. இவற்றின் தொனிக் கட்டுப்பாட்டுச் சுற்று நடுத்தர ஒலியைக் குறைத்துவிடும். அதனால் கீழ்ஸ்தாயி உருண்டையாகவும் மேல்ஸ்தாயி மணிபோலத் தெளிவாகவும் கேட்கும். பாடகரின் குரலுக்கு இடம் விட்டு ஒலிக்கும் ஆம்ப் இது.

ஒரே குடும்பத்திற்குள்ளும் கை உணர்வு மாறும். டீலக்ஸ் ரிவர்ப் 22 வாட். இரண்டு 6வி6 வால்வுகளும், மின்சாரத்தை மாற்றித் தர இன்னொரு வால்வும் கொண்டது. ஒலியைக் கூட்டக் கூட்ட மெல்ல இளகும். டுவின் ரிவர்ப் 85 வாட். நான்கு 6எல்6 வால்வுகள், மின்மாற்றத்திற்கு டயோடு. எவ்வளவு ஓங்கி அடித்தாலும் தெளிவு குலையாது. ஆனால், அது கரகரக்கும் அளவுக்கு ஒலியைக் கூட்டினால் வீட்டில் ஒருவரும் இருக்க முடியாது.

வோக்ஸ்: மணியோசை

இங்கிலாந்தின் டார்ட்ஃபோர்டில் டாம் ஜென்னிங்ஸின் நிறுவனத்திற்காக டிக் டென்னி வடிவமைத்தது வோக்ஸ். முதலில் 15 வாட் ஏசி15 வந்தது. மேடைகளும் கூட்டமும் பெருகவே 30 வாட் ஏசி30 பிறந்தது. இதில் நான்கு இஎல்84 வால்வுகள். மற்ற பல ஆம்புகள் வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே செலுத்தித் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். ஏசி30 அப்படிச் செய்வதில்லை. எனவே, தெளிவான ஒலிக்கும் கரகரப்புக்கும் இடையே கோடு கிழிக்க முடியாது. விரலின் அழுத்தத்தைப் பொறுத்து ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்லும்.

தி ஷேடோஸ், தி பீட்டல்ஸ், குயீன் குழுவின் பிரையன் மே ஆகியோரின் ஒலி இதுவே. நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. கிளிஃப் ரிச்சர்டும் தி ஷேடோஸ் குழுவும் 1961இல் சிங்கப்பூரில் இசை நிகழ்ச்சி படைத்தனர். அதைத் தொடர்ந்து இங்கு எழுந்த கிட்டார் குழுக்களிலும், மலாய் இசையின் ‘பாப் யே யே’ அலையிலும் அந்தக் குழுவின் தாக்கம் தெளிவாகத் தெரியும்.

மார்ஷல்: ஒரே வரைபடம், வேறு குரல்

லண்டனில் டிரம் கடை நடத்திவந்த ஜிம் மார்ஷல், 1960களின் தொடக்கத்தில் தம் ஊழியர்களுடன் சேர்ந்து ஜேடிஎம்45 ஆம்பை உருவாக்கினார். அதன் சுற்று ஏறக்குறைய ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பின் நகல்தான். அப்படியிருந்தும் குரல் வேறாக அமைந்தது.

காரணங்கள் எளியவை. பேஸ்மேனின் முதல் வால்வைவிட மார்ஷலின் முதல் வால்வு ஒலியை அதிகமாகப் பெருக்கியது. அமெரிக்க வால்வுகளுக்குப் பதில் பிரிட்டிஷ் கேடி66 வால்வுகள் இடம்பெற்றன. பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்த இடத்திற்கு, மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஸ்பீக்கர்கள் வந்தன. தடித்த நடுத்தர ஒலி, இறுகிய கீழ்ஸ்தாயி, குழுவின் மற்ற கருவிகளைக் கிழித்துக்கொண்டு முன்வரும் தன்மை ஆகியவை இதன் அடையாளம். எரிக் கிளாப்டன் 1966இல் ஜான் மேயாலின் குழுவோடு பதிவுசெய்த இசைத்தட்டில் இந்த ஒலியின் தொடக்கத்தைக் கேட்கலாம். பின்னர் வந்த 100 வாட் மார்ஷல் ஆம்புகள் இஎல்34 வால்வுகளோடும் டயோடுகளோடும் மேலும் விறைப்பாகின.

ஸ்பீக்கரையும் பெட்டியையும் மறந்து வால்வைப் பற்றி மட்டுமே பேசுவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை.

வாட் ஏமாற்றும்

85 வாட் ஆம்ப், 22 வாட் ஆம்பைவிட நான்கு மடங்கு சத்தம் தரும் என்று நினைக்க வேண்டாம். வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு வாட் தேவை. திருமண விருந்திலும் கோயில் திருவிழா மேடையிலும் ஆம்பின் முன் ஒரு மைக் வைத்தால், மண்டபத்தின் ஒலிபெருக்கிகளே மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும். எனவே, நம் குழுக்களில் பெரும்பாலானவற்றுக்கு 15 முதல் 22 வாட் வால்வு ஆம்ப் போதும். தாமான் வீட்டிலோ அடுக்குமாடியிலோ வாசிப்பவருக்கு 5 வாட்கூட அதிகம்.

எடை, பராமரிப்பு இரண்டும் வேண்டாம் என்பவர்களுக்கு இதே ஒலியைக் கணினிச் சில்லில் உருவாக்கும் ஆம்புகளும் வந்துவிட்டன. 2019இல் வெளிவந்த ஃபெண்டர் டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவர்ப், வால்வு வகையின் எடையில் ஏறக்குறைய பாதிதான். சபையில் உள்ளவர் வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம். விரலுக்குத் தெரியுமா என்பதை அவரவரே வாசித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கடையில் சோதிக்கும் முறை

• உங்கள் கிட்டாரையே கொண்டு செல்லுங்கள். எல்லா ஆம்பிலும் ஒரே பகுதியை வாசியுங்கள்.
• ஒப்பிடும் ஆம்புகளின் ஒலி அளவைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடியதே இனிமையானது என்று காது ஏமாறும்.
• முதலில் மென்மையாக, பிறகு ஓங்கி வாசியுங்கள். ஒலி எந்த இடத்தில் இளகுகிறது என்று கவனியுங்கள்.
• கிட்டாரின் ஒலித் திருகைக் குறைத்துப் பாருங்கள். நல்ல வால்வு ஆம்ப் கரகரப்பிலிருந்து தெளிவுக்குத் திரும்பும்.
• வீட்டில் வைக்கப்போகும் ஒலி அளவிலும் ஒருமுறை வாசியுங்கள். அங்கே பிடிக்கவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

உயிருக்கும் பணத்திற்கும் பாதுகாப்பு

அமெரிக்காவிலிருந்து வரும் பழைய ஆம்ப் சுமார் 120 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் ஆம்ப் எரிந்துவிடும். மிகப் பழையவற்றில் நிலத்தொடர்புக் கம்பி இல்லாத இரண்டு முனை பிளக் இருக்கும். அதைத் தகுந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மூன்று கம்பி இணைப்பாக மாற்றாமல் வாசிக்கக் கூடாது. கிட்டாரின் உலோகத் தந்தி உங்கள் விரலில் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை இயக்கினால், உள்ளிருக்கும் விலையுயர்ந்த டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகலாம். இன்னொன்று மிக முக்கியம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே பல நூறு வோல்ட் மின்சாரம் தேங்கியிருக்கக்கூடும். பழகாதவர் பின்மூடியைக் கழற்றிக் கைவைப்பது உயிருக்கே ஆபத்து.

தெளிவான ஒலி வேண்டுமென்றால் கறுப்பு முகப்பு ஃபெண்டர், விரலோடு உரையாட வேண்டுமென்றால் வோக்ஸ், குழுவின் முன்னே நிற்க வேண்டுமென்றால் மார்ஷல். ஆனால், எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்தாலும், நீங்கள் வாசிக்கும் இடத்தின் அளவை முதலில் பாருங்கள்.