இணையத்திற்குக் குடிபெயரும் தொலைபேசி



ஊரில் மின்சாரம் நின்றுபோகிறது. விளக்கு அணைகிறது, விசிறி ஓய்கிறது, மாவரைக்கும் இயந்திரம் பாதியில் நின்றுவிடுகிறது. ஆனால் கூடத்து மேசைமீது இருந்த பழைய தொலைபேசி மட்டும் அந்த இருளிலும் கணகணவென்று ஒலிக்கும். இதை உங்கள் பாட்டனாரைக் கேட்டால் சொல்லுவார். அந்தத் தொலைபேசிக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது?

தொலைபேசி நிலையத்திலிருந்து வந்தது. அங்கே ஒரு தனி அறையில் பெரிய பெரிய மின்கலங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றிலிருந்து 48 வோல்ட் அளவுள்ள நேர்மின்னோட்டம் இரண்டு செப்புக் கம்பிகளின் வழியே ஒவ்வொரு வீட்டிற்கும் ஓடிக்கொண்டிருக்கும். நாம் பேசும் குரலைச் சுமந்த கம்பியே அந்தக் கருவிக்கு உணவையும் சுமந்து வந்தது. வீட்டு மின்சாரத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மேட்டூரில் என்ன நேர்ந்தாலும் அது பாட்டிற்கு ஒலித்துக்கொண்டிருந்தது.

இன்று உலகெங்கும் வணிக நிறுவனங்கள் அந்தச் செப்புக் கம்பியை விட்டு இணையவழித் தொலைபேசிக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த மாற்றத்தை எவ்வாறு திட்டமிடுவது என்பதைப் பற்றியே பேச எண்ணுகிறேன். உங்களில் பலர் நாளை ஒரு காரியாலயத்தையோ, தொழிற்சாலையையோ, மருத்துவமனையையோ நடத்தப்போகிறவர்கள். அப்போது இந்த வேலை உங்கள் மேசைக்கும் வந்து சேரும்.

முதலில் இணையம் குரலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். நம் குரலை அது நொடிக்கு 8000 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 8 இலக்கங்களால் குறிக்கிறது. இந்த இலக்கங்களைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டுகிறது. ஒரு பொட்டலத்தில் ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்குப் பேச்சு அடங்கும். ஒவ்வொன்றின் மீதும் போய்ச் சேரவேண்டிய முகவரி எழுதப்படுகிறது. பிறகு அவை கடிதங்களும் படங்களும் கணக்குப் புத்தகங்களும் செல்லும் அதே பாதையில் அனுப்பப்படுகின்றன. மறுமுனையில் பொட்டலங்கள் அவிழ்க்கப்பட்டுக் குரலாகின்றன. நம் குரலுக்கென்று தனிக் கம்பி எதுவும் இல்லை. அது பொதுச் சாலையில் மற்றவற்றோடு சேர்ந்து நடக்கிறது. இந்த முயற்சி புதியதன்று. 1974-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஆர்ப்பாநெட் என்னும் கணினி வலையின் வழியே குரலைப் பொட்டலங்களாக அனுப்பிப் பார்த்துவிட்டார்கள்.

இதனால் வணிகருக்கு என்ன இலாபம்? தனிக் கம்பிக்குத் தனி வாடகை இல்லை. சென்னைக் காரியாலயமும் கோவைக் கிளையும் ஒரே கட்டடத்து அறைகள்போல் பேசிக்கொள்ளலாம். ஊழியர் வீட்டிலிருந்தே நிறுவனத்தின் எண்ணில் பதில் சொல்லலாம். இவை எல்லாம் உண்மையே. விற்க வருகிறவர் இவற்றை விரிவாகச் சொல்லுவார். ஆகையால் நான் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன். அவர் சொல்லாமல் விடுவதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

பிரிட்டனில் நடந்ததைக் கேளுங்கள். அந்நாட்டின் பழைய தொலைபேசி வலையை 2025-க்குள் மூடிவிடுவது என்று 2017-இல் அறிவித்தார்கள். பழைய கருவிகளுக்கு உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருந்தார்கள். எனவே முடிவில் தவறில்லை. எட்டாண்டு அவகாசமும் இருந்தது. ஆனால் 2021 நவம்பரில் ஆர்வென் என்னும் புயல் அந்நாட்டின் வடபகுதியைத் தாக்கியது. சுமார் 10 லட்சம் வீடுகள் மின்சாரம் இழந்தன; சில இடங்களில் ஒரு வாரத்திற்கு மேலும் மின்சாரம் திரும்பவில்லை. இணையவழித் தொலைபேசிக்கு வீட்டு மின்சாரமே உயிர். அது போனால் தொலைபேசியும் ஊமை. அடுத்த பிப்ரவரியிலும் புயல்கள் வந்தன. 2022 மார்ச்சு மாதத்தில் பி.டி. நிறுவனம் வீடுகளை மாற்றும் பணியை நிறுத்தி வைத்தது.

இன்னொரு சிக்கலும் வெளிப்பட்டது. பிரிட்டனில் தனியே வாழும் முதியோர் கழுத்தில் ஒரு சிறு பொத்தானை அணிந்திருப்பார்கள். தவறி விழுந்தால் அதை அழுத்துவார்கள். அது தொலைபேசிக் கம்பியின் வழியே உதவி நிலையத்தை அழைக்கும். ஏறக்குறைய 18 லட்சம் பேர் இத்தகைய கருவிகளை நம்பியிருந்தார்கள். கம்பி மாறியபோது சில வீடுகளில் அந்தக் கருவி வேலை செய்யவில்லை. பொத்தானை அழுத்தியவருக்கு உதவி வரவில்லை. 2023 டிசம்பரில் அரசாங்கம் தலையிட்டது. அத்தகையோரைப் பாதுகாப்பதாக நிறுவனங்கள் ஒரு சாசனத்தில் கையொப்பமிட்டன. மூடும் நாளும் 2024 மே மாதத்தில் 2027 ஜனவரி முடிவுக்குத் தள்ளி வைக்கப்பட்டது.

இத்தனை பெரிய நாட்டில், இத்தனை பொறியாளர்கள் இருந்தும் ஏன் இவ்வாறு நேர்ந்தது? தொலைபேசிக் கம்பி என்றால் மனிதர் பேசுவதற்கு என்று எண்ணிவிட்டார்கள். அந்தக் கம்பியில் பேசாத பொருள்களும் தொங்கிக்கொண்டிருந்தன. லிப்டில் சிக்கியவர் அழைக்கும் கருவி, தீ அபாய மணி, திருட்டு மணி, பேக்ஸ் இயந்திரம், கடையில் பண அட்டையைத் தேய்க்கும் கருவி ஆகியவை எல்லாம் அதையே பற்றிக்கொண்டிருந்தன. ஆகவே திட்டத்தின் முதல் வேலை எண்ணுவது. விலை கேட்பது பிறகு.

என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கரூரில் ஜவுளி ஏற்றுமதி செய்கிறார். அவர் தம் நிறுவனத்தை மாற்ற முனைந்தபோது, “ஐயா, நீங்கள் ஒருமுறை வந்து பாருங்கள்” என்று அழைத்தார். “தம்பி, உன்னிடம் எத்தனை கம்பிகள் இருக்கின்றன?” என்று கேட்டேன். ஒன்பது என்றார். தொலைபேசிப் பில்லை எடுத்துவரச் சொன்னேன். அதில் பதினொன்று இருந்தன! இருவரும் கணக்கரோடு கட்டடம் முழுதும் நடந்தோம். பத்தாவது கம்பி கிடங்கின் தீ அபாய மணியில் போய் முடிந்தது. தீப்பற்றினால் அது தானே மூவரை அழைக்க வேண்டும். பதினோராவது, மூடிப்போன கிளை அலுவலகத்தில் ஒரு பேக்ஸ் இயந்திரத்தோடு இணைந்திருந்தது. யாரும் பேசாத தொலைபேசிக்கு ஏழு ஆண்டுகளாக வாடகை கட்டி வந்திருக்கிறார்கள். இதில் மிஞ்சிய பணத்தில் எனக்கு நல்ல காப்பி கிடைத்தது. ஆனால் பத்தாவது கம்பியை எண்ணிப் பாருங்கள். ஒன்பதை மட்டும் மாற்றிவிட்டுப் பழையதை ஒட்டுமொத்தமாகத் துண்டித்திருந்தால், அந்தக் கிடங்கின் மணி யாரையும் அழைத்திராது. அது அழைக்கவில்லை என்பது தீப்பிடிக்கும் நாள்வரை ஒருவருக்கும் தெரிந்திராது.

அடுத்தது, ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசுவார்கள் என்னும் கணக்கு. முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவன் நான். இந்த இடத்தில் சற்றே நிற்க என்னை அனுமதியுங்கள். டென்மார்க்கு நாட்டில் எர்லாங் என்று ஓர் அறிஞர் இருந்தார். அவரும் சில காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர்தாம். பிறகு கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் சேர்ந்து, இந்தக் கேள்விக்கு விடை தரும் சூத்திரத்தை 1917-இல் வெளியிட்டார். மிகுந்த வேலையுள்ள ஒரு மணி நேரத்தில் 60 அழைப்புகள் வருகின்றன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் 3 நிமிடம். மொத்தம் 180 நிமிடம்; அதாவது 3 மணி நேரப் பேச்சு ஒரு மணி நேரத்திற்குள் நடக்கிறது. அப்படியானால் 3 வழிகள் போதுமல்லவா என்று தோன்றும். போதாது. அழைப்புகள் பள்ளிப் பிள்ளைகள்போல் வரிசையில் வருவதில்லை. சந்தைக்குப் போகிறவர்கள்போல் கும்பலாக வரும், பிறகு ஓயும். எர்லாங்கின் சூத்திரப்படி 3 வழிகள் மட்டும் இருந்தால் மூன்று அழைப்புகளில் ஒன்றுக்கு மேல் திரும்பிப்போகும். 8 வழிகள் இருந்தால் நூற்றில் ஒன்றுகூடத் திரும்பாது. ஆகவே எட்டு.

ஓர் உரையாடலுக்கு இணையத்தில் எவ்வளவு இடம் வேண்டும்? நொடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் குரலுக்கு 160 பைட்டு, முகவரிக்கு 40 பைட்டு. பெருக்கினால் நொடிக்கு 80,000 இலக்கங்கள். எட்டு உரையாடல்களுக்கு 6,40,000. சிறிய இணைய இணைப்பிலும் இதைப்போல் பல மடங்கு இடம் உண்டு. எனவே சாலையின் அகலம் பெரும்பாலும் போதுமானதே. துன்பம் வரிசையில் இருக்கிறது. வரைபடப் பிரிவில் ஒருவர் பெரிய கோப்பு ஒன்றை அனுப்பத் தொடங்குகிறார். அதன் ஆயிரக்கணக்கான பொட்டலங்கள் வாயிலை அடைத்து நிற்கின்றன. குரல் பொட்டலம் பின்னால் காத்து நிற்கிறது. கோப்பு அரை நொடி தாமதித்தால் யாருக்கும் கேடில்லை. குரல் அவ்வாறன்று. ஒருவர் வாய் மொழிந்தது மற்றவர் காதில் சேர ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கிற்கு மேல் ஆகாதிருப்பது நலம்; நீண்டுகொண்டே போனால் இருவரும் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவார்கள். ஆகவே ரௌட்டர் என்னும் பெட்டியில் குரலுக்கு முதலிடம் கொடுக்குமாறு ஏற்பாடு செய்தல் வேண்டும். இதற்குப் பணச் செலவு அதிகமில்லை. கேட்டுச் செய்துகொள்ளாதவர்கள்தாம் அதிகம். கூடுதல் இணைப்பை விலைக்கு வாங்கிவிட்டு, ‘இன்னும் குரல் உடைகிறதே’ என்று வருந்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இனி மின்சாரத்திற்கு வருவோம். மேசைத் தொலைபேசி ஒன்று சுமார் 4 வாட் மின்சாரம் கொள்ளும். முப்பது தொலைபேசிகளுக்கு 120 வாட். அவற்றை இணைக்கும் பெட்டிகளுக்கு 40 வாட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 160. நம் வீடுகளில் இன்வெர்ட்டரோடு வைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்று 1800 வாட்-மணி ஆற்றலைச் சேமிக்கும். அதில் பாதியையே நம்பினாலும் 5 மணி நேரத்திற்கு மேல் தாங்கும். பிரிட்டனில் மின்தடையின்போது வேறு வழியற்றவர்களுக்கு ஒரு மணி நேரமாவது அவசர அழைப்பு இயங்க வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. ஒரு வாரப் புயலின் முன் ஒரு மணி நேரம் எம்மாத்திரம்? நம் மின்கலம் மட்டும் உயிரோடிருந்தாலும் பயனில்லை. தெருவில் உள்ள இணைப்புப் பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறதா என்று விசாரிக்க வேண்டும். கண்ணாடி இழை கட்டடம்வரை நேரே வருமானால், பெரும்பாலும் இடையில் மின்சாரம் வேண்டிய பெட்டி எதுவும் இராது. இது அதன் பெருஞ்சிறப்பு. இத்துடன் வேறொரு நிறுவனத்தின் கைப்பேசி இணைப்பும் ஒன்று காவலாளியிடம் இருக்கட்டும்.

அவசர அழைப்பைப் பற்றித் தனியே ஒரு சொல். 2013 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், மார்ஷல் என்னும் ஊரின் விடுதி அறையொன்றில் ஒரு தாய் தாக்கப்பட்டாள். ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியில் 911 என்று நான்கு முறை சுழற்றினாள். அழைப்பு போகவில்லை. விடுதிக்கு வெளியே பேச முதலில் 9-ஐ அழுத்த வேண்டும் என்பது அந்த விடுதியின் ஏற்பாடு. அந்தக் குழந்தைக்குப் பள்ளியில் சொல்லிக் கொடுத்தது 911 மட்டுமே. தாய் இறந்துபோனாள். அவள் பெயராலேயே கேரி சட்டம் 2018-இல் இயற்றப்பட்டு 2020 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நிறுவனத் தொலைபேசிகளில் முன்எண் எதுவுமின்றி 911 நேரே போக வேண்டும் என்பது அதன் கட்டளை. இது கருவியின் பழுதன்று; எண்களை ஒழுங்கு செய்தவர் ஒருவர் யோசியாமல் விட்டது. நம் நாட்டில் எண் 112. புதிய ஏற்பாட்டில் எந்த மேசையிலிருந்து அழுத்தினாலும் அது நேரே போகிறதா, அழைப்பவர் எந்த ஊரில், எந்த மாடியில் இருக்கிறார் என்று மறுமுனைக்குத் தெரியுமா என்னும் இரண்டையும் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். கம்பி ஒரு கட்டடத்தோடு கட்டுண்டிருந்தது. இணையத் தொலைபேசியைப் பெட்டியில் போட்டு எந்த ஊருக்கும் எடுத்துப்போகலாம். அதன் பழைய முகவரிக்கே ஆம்புலன்சு போய் நிற்கலாகாது.

இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனங்கள் சாதாரண எண்களோடு இணையத் தொலைபேசிச் சேவை தருவதற்கான விதிகளை 2018 ஜூன் மாதத்தில் தொலைத்தொடர்புத் துறை தெளிவுபடுத்தியது. சேவை தருபவர் அத்தகைய உரிமம் உடையவரா என்பதை ஒப்பந்தத்திற்கு முன்பே காண்பது கடமை. வெளிநாட்டு அழைப்புகளைத் தேவையான மேசைகளுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். எளிய கடவுச்சொல்லை உடைத்து உள்ளே நுழையும் திருடர்கள் இரவு முழுதும் அயல்நாடுகளுக்குப் பேசிவிட்டுப் பில்லை நம் தலையில் கட்டுவார்கள்.

மாற்றும் நாளைக் குறிப்பதிலும் ஒரு முறை உண்டு. ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றுவதாகச் சொல்லுகிறவரை நம்ப வேண்டா. முதலில் ஒரு பிரிவு; இரண்டு வாரம் கழித்து மற்றொன்று. தீபாவளி விற்பனைக் காலத்திலும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மார்ச்சு மாதத்திலும் கை வைக்கலாகாது. பழைய எண் புதிய இணைப்புக்கு வந்து சேர்ந்து அதில் மணி ஒலிக்கும்வரை பழைய இணைப்பைத் திருப்பிக் கொடுத்துவிடக் கூடாது; கொடுத்துவிட்டால் எண்ணும் அதோடு போய்விடக்கூடும். கரூர் நிறுவனத்தில் இரண்டு ஏற்பாடுகளும் ஆறு வாரம் அருகருகே இயங்கின. நான்காம் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முதலாளி தாமே மின்சாரத்தின் பெரிய விசையை நிறுத்தினார். முப்பது தொலைபேசிகளில் இருபத்தெட்டு ஒலித்தன. ஒலிக்காத இரண்டும் மின்கலத்தோடு சேராத ஒரு பழைய பெட்டியில் மாட்டப்பட்டிருந்தன; அன்று மாலைக்குள் அவை இடம் மாற்றப்பட்டன. கிடங்கின் தீ அபாய மணிக்கு மட்டும் கைப்பேசிச் சிம் அட்டையோடு கூடிய புதிய கருவி பொருத்தினார்கள். அதைச் சோதிக்க ஒரு தீக்குச்சிப் புகை போதுமானதாயிற்று. மூன்று பேருடைய கைப்பேசிகளும் ஒலித்த பிறகுதான் பத்தாவது கம்பியைத் துண்டிக்கும் விண்ணப்பத்தில் அவர் கையெழுத்திட்டார்.