பெண்ணால் ஆகாதா?

“பொட்டப் பிள்ளைக்கு எதற்கு இந்த வேலை?” இந்தச் சொல்லைக் கேட்காத வீடு நம் தோட்டப்புறங்களில் உண்டா? மேட்டு நிரையிலிருந்து காண்டா வாளியைச் சுமந்து இறங்கும் தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள்! உலகின் மிக உயர்ந்த மலையில் கால் பதித்த முதல் பெண்மணியும் இதே பேச்சைக் கேட்டவர்தான் என்றால் நம்புவீர்களா?

அவர் பெயர் ஜுன்கோ தாபெய். 1939-இல் ஜப்பானில் மிஹாரு என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதில் நோஞ்சான் என்று பெயரெடுத்தவர். பத்து வயதில் ஆசிரியர் தம் வகுப்புப் பிள்ளைகளை நாசு மலைக்கு அழைத்துச் சென்றார். அன்று பிடித்த ஆசை கடைசிவரை விடவில்லை.

வளர்ந்து மலையேறும் சங்கங்களில் சேர்ந்தபோது சில ஆண்கள் அவரோடு ஏற மறுத்தார்கள். மாப்பிள்ளை தேடி வந்திருக்கிறாள் என்று நினைத்தவர்களும் உண்டு. அவர் சோர்ந்து உட்காரவில்லை. 1969-இல் பெண்களுக்கென்றே ஒரு மலையேறும் சங்கத்தைத் தொடங்கினார். மறு ஆண்டே இமயத்தின் அன்னபூர்ணா மூன்றாம் சிகரத்தை எட்டினார்.

அடுத்தது எவரெஸ்ட். பண உதவி கேட்டுப் போனால், வீட்டிலிருந்து பிள்ளையை வளருங்கள் என்றார்கள். கடைசியில் ஒரு நாளிதழும் தொலைக்காட்சி நிலையமும் கைகொடுத்தன. அதுவும் போதவில்லை. பழைய கார் இருக்கை உறைகளை வெட்டிக் கையுறைகள் தைத்துக்கொண்டார்கள்.

1975-இல் பதினைந்து பெண்கள் புறப்பட்டார்கள். தலைவி எய்கோ ஹிசானோ. துணைத் தலைவி தாபெய். வீட்டில் அவருக்கு மூன்று வயது மகள். மே 4-இல் பனிச்சரிவு கூடாரங்களை மூடியது. நினைவிழந்து கிடந்தவரை ஷெர்ப்பாக்கள் வெளியே இழுத்தார்கள். உடம்பெல்லாம் காயம். ஆனாலும் அவர் திரும்பவில்லை. மே 16 அன்று, வழிகாட்டி ஆங் செரிங்குடன், 29,000 அடிக்கும் உயர்ந்த அந்த உச்சியில் நின்றார்!

1992-க்குள் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் தொட்ட முதல் பெண்ணும் அவரே. 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு, துயரப்பட்ட மாணவர்களை ஃபூஜி மலைக்கு அழைத்துச் சென்று தெம்பூட்டினார். புற்றுநோய் வந்தும் அதை நிறுத்தவில்லை. 2016-இல் மறைந்தார்.

பெற்றோர்களே, நம் பெண்பிள்ளைகள் எல்லாரும் எவரெஸ்ட் ஏற வேண்டியதில்லை. ஆனால், “பள்ளி முகாமுக்குப் போகட்டுமா?” என்று மகள் பாரத்தை நீட்டும்போது, “அண்ணன் போகட்டும், நீ அடுப்பைப் பார்” என்று சொல்லிவிடாதீர்கள். தாபெய் அம்மையாரின் பயணமும் ஒரு வகுப்புச் சுற்றுலாவில்தான் தொடங்கியது. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்!