முறுக்கு கடித்தால் பொட்டு ஏன் அசைகிறது?

மாடி வீட்டு மாமாவுக்கு எழுபது வயது. பல் மட்டும் இன்னும் சொந்தப் பல். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீயும் கைமுறுக்குமாக உட்கார்ந்திருந்தோம். கடித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்தி, நெற்றிப்பொட்டில் விரலை வைத்தார். "ஏம்பா, கடிக்கிறது கடைவாய். இங்க எதுக்கு ஆடுது?" முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு மண்டையோட்டைக் கையில் கொடுத்துப் பாடம் நடத்துகிறவன் நான். வகுப்பில் இப்படி ஒரு கேள்வி வந்ததே இல்லை.

நீங்களும் அதே இடத்தில் விரல்களை வைத்துப் பல்லைக் கடித்துப் பாருங்கள். உள்ளே ஒன்று புடைக்கும். அதுதான் டெம்போராலிஸ் தசை. விரித்த விசிறியைப் போலத் தலையின் பக்கவாட்டில் படர்ந்திருக்கிறது. காதுக்கு மேலே எண்ணெய் தேய்த்துச் சீவிக்கொள்கிறோமே, அங்கே தோலுக்கு அடியில் இருப்பதும் மெல்லுகிற தசைதான். விசிறியின் காம்பு கீழ்நோக்கி இறங்குகிறது. கன்ன எலும்பிலிருந்து காதுப் பக்கமாக ஓடும் வளைவு ஒன்று மண்டையோட்டில் பாலம்போல நிற்கும். புதிதாக வரும் பிள்ளைகள் அதைப் பாத்திரத்தின் பிடி என்று நினைத்துத் தூக்குவார்கள். நான் கத்துவேன், உடைந்துவிடும். அந்தப் பாலத்தின் அடியில் நுழைந்துபோய், கீழ்த்தாடையிலிருந்து மேலே நீளும் ஒரு கூரிய எலும்பைக் காம்பு பற்றிக்கொள்கிறது. அந்த எலும்புக்குக் கொரனாய்டு என்று பெயர். காக்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பார்க்கவும் காக்கை அலகு மாதிரிதான் இருக்கும்.

"அப்ப கயிறு மேல, வாளி கீழ" என்றார் மாமா. அதேதான். ஆனால் விசிறியின் முன்பக்க இழைகள்தாம் நேராக மேலே இழுக்கும். பின்பக்க இழைகள் காதுக்கு மேலே ஏறக்குறைய படுக்கையாக ஓடுவதால், முன்னால் துருத்திய தாடையைப் பின்னுக்கு இழுப்பது அவற்றின் வேலை.

சினிமாவில் கதாநாயகன் கோபத்தை அடக்கும்போது கன்னத்தில் ஒரு குமிழ் துடிக்குமே, அது மசீட்டர். பாலத்திலிருந்து இறங்கித் தாடையின் கோணத்தை வெளிப்பக்கமாகப் பிடிக்கிறது. உட்பக்கத்தில் உள் டெரிகாய்டு என்று இன்னொரு தசை. இரண்டும் சேர்ந்து தாடையைத் தூளியில் போட்ட குழந்தையைப்போல ஏந்திக்கொண்டிருக்கின்றன. மசீட்டரை நூற்றாண்டுகளாக அறுத்துப் பார்த்துவிட்டோம், இனி என்ன இருக்கிறது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். 2021 கடைசியில் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், அதற்குள்ளே அந்தக் காக்கை அலகைப் போய்ப் பிடிக்கும் ஆழமான அடுக்கு ஒன்று இருப்பதாகத் தெளிவாக விவரித்தார்கள். கன்னத்தில் கை வைத்தால் தட்டுப்படும் தசையில் இத்தனை நாள் ஒன்று ஒளிந்திருந்தது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

இந்த மூன்றும் வாயை மூடுகிறவை. திறப்பதற்கு உதவும் நான்காவது ஒன்று உண்டு: வெளி டெரிகாய்டு. அது கீழ்த்தாடையின் மேல்முனையில், காதுக்கு அருகே இருக்கும் எலும்புக் குமிழை முன்னால் இழுக்கிறது. தாடை மூட்டின் விசேஷமே அங்கேதான்.

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயை மெதுவாகத் திறந்து பாருங்கள். முதலில் குமிழ் இருந்த இடத்திலேயே சுழலும். இன்னும் திறந்தால் விரலுக்கு அடியில் ஒரு பள்ளம் விழும். குமிழ் தன் குழியை விட்டு முன்னால் வழுக்கி, எதிரே இருக்கும் எலும்பு மேட்டின்மேல் ஏறிவிட்டது என்று பொருள். கதவுக் கீல் இப்படிச் செய்யாது. புலிக்குக் கிட்டத்தட்ட வெறும் கீல்தான். கடிக்க அது போதும். மாட்டுக்கோ மூட்டு தட்டையானது. பக்கவாட்டில் அரைத்து அசைபோட அது வசதி. நமக்கு இரண்டிலும் கொஞ்சம். குமிழுக்கும் குழிக்கும் நடுவில் மெல்லிய சவ்வுத்தட்டு ஒன்று மெத்தைபோலக் கூடவே போய்வருகிறது. அது இடம் பிசகி, திறக்கும்போது மறுபடி பொருந்தினால் 'டக்' என்று கேட்கும். வலியும் இல்லை, வாய் திறப்பதில் தடையும் இல்லை என்றால் அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

பெரிய கொட்டாவியில் குமிழ் மேட்டைத் தாண்டிப் போய்விட்டால்தான் சிக்கல். மூடும் தசைகள் மேலே இழுக்க, குமிழ் மேட்டுக்கு முன்னால் மாட்டிக்கொள்ளும்; திறந்த வாய் திறந்தபடி நிற்கும். கடைவாய்ப் பற்களின்மேல் கட்டைவிரல்களை வைத்துக் கீழே அழுத்திப் பின்னால் தள்ளுவதுதான் வைத்தியம். கிரேக்க ஹிப்போக்ரடீஸ் நூல்களிலேயே இந்தப் பிசகும் அதைச் சரிசெய்யும் விதமும் இருக்கின்றன. வீட்டில் யாரும் முயல வேண்டாம். தாடை திரும்ப உள்ளே விழும் கணத்தில் பல் படீரென்று மூடும். விரல் உள்ளே இருக்கும்.

"எனக்குக் காதுல வலி. காது டாக்டர் பாத்துட்டு காது சுத்தமா இருக்குன்னுட்டார்" என்றார் மாமா. முறுக்கை மெல்லும்போது கூடுகிறதா என்று கேட்டேன். கூடுகிறதாம். மூட்டுக்கும் காதின் முன்பகுதிக்கும் உணர்ச்சி தருவது ஒரே நரம்பு. மூட்டு வலித்தாலும் காது வலிப்பதாகவே தோன்றும்.

மாமா கைவைத்த அந்தப் பொட்டைப் பற்றி இன்னொன்று. 'பொட்டில் அடித்தாற்போல்' என்று சும்மா சொல்லவில்லை. நான்கு எலும்புகள் கூடும் இடம் அது. அங்கே ஓடு மிக மெல்லியது. உட்புறமாக ஒரு தமனி ஓடுகிறது. காய்ந்த மண்டையோட்டில் அதன் தடம் பள்ளமாகவே பதிந்திருக்கும். அடிபட்டு அது கிழிந்தால் எலும்புக்கும் மூளையுறைக்கும் இடையில் ரத்தம் சேரும். ஆனால் அடிபட்டவர் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கலாம். நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009இல் கனடாவில் பனிச்சறுக்கில் விழுந்து, ஒன்றுமில்லை என்று எழுந்து நடந்தார். இரண்டு நாள் கழித்து இறந்தார். இதே வகை ரத்தக்கசிவு. தலையில் அடிபட்டவர் தெளிவாகப் பேசுகிறாரே என்று விட்டுவிடக் கூடாது.

டீ ஆறிவிட்டது. மாமா இடுப்பிலிருந்து பாக்குப் பொட்டலத்தை எடுத்தார். மூன்று விரல்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முன்பற்களுக்கு இடையில் நுழைக்கச் சொன்னேன். இரண்டுதான் போயிற்று. ஓயாமல் பாக்கு போடுகிறவர்களின் கன்னத்து உள்தோல் நார்பிடித்து இறுகும். தசை எவ்வளவு இழுத்தாலும் வாய் திறக்காது. அது புற்றுநோய்க்கும் வழிவிடலாம். நீங்களும் பாக்கு போடுகிறவரானால் இப்போதே மூன்று விரலை வைத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் இந்த வாரமே ஒரு பல் மருத்துவரைப் பாருங்கள்.