பார்மாவில் எடை போடுகிறார்கள், பிரஸ்ஸல்ஸில் முடிவு செய்கிறார்கள்

“நம்ம ஊர்க் கடையில பில் போட்டு வாங்கின மருந்துதான் சார். அரசாங்கம் அனுமதிச்சதுதான். அப்புறம் ஏன் அங்க திருப்பி அனுப்புறாங்க?” பயிற்சிக்கு வந்த கறிவேப்பிலை விவசாயி ஒருவர் இப்படிக் கேட்டார். நியாயமான கேள்வி. ‘ஐரோப்பாவில் சட்டம் அப்படி’ என்று சொல்லி முடித்துவிட்டால் அது பதில் ஆகாது. அந்தச் சட்டம் எந்த இடத்தில், யார் கையால் உருவாகிறது என்பது தெரிந்தால்தான் அடுத்த மருந்து எப்போது சிக்கலுக்கு வரும் என்று உங்களால் முன்கூட்டியே கணிக்க முடியும்.

ஐரோப்பிய ஒன்றியம் 27 நாடுகளின் கூட்டமைப்பு. பிரஸ்ஸல்ஸில் உள்ள ஐரோப்பிய ஆணையம்தான் அதன் நிர்வாகம். ஆனால் ஒரு பூச்சிமருந்து மனிதருக்குக் கெடுதலா, இல்லையா என்று கணக்குப் போடுவது ஆணையம் அல்ல. அந்த வேலைக்கு இத்தாலியின் பார்மா நகரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையகம் இருக்கிறது. மாட்டுப் பித்துநோய், கோழித் தீவனத்தில் டையாக்சின் என்று 1990களில் அடுத்தடுத்து வந்த அதிர்ச்சிகளில் அரசுகளின் பேச்சை மக்கள் நம்ப மறுத்தார்கள். அதனால் ஆபத்தை அளப்பவர்களை, முடிவெடுப்பவர்களிடமிருந்து பிரித்து வைத்து 2002இல் சட்டம் போட்டார்கள். சம்பளம் ஒன்றியத்தின் பட்ஜெட்டிலிருந்து வருகிறது. ஆனால் என்ன முடிவு எழுதவேண்டும் என்று ஆணையம் அவர்களுக்கு உத்தரவிட முடியாது. நிபுணர்கள் தங்களுக்கு எந்த நிறுவனத்தோடு தொடர்பு என்று எழுதிக் கொடுக்கவேண்டும். அறிக்கை வெளிப்படையாக வரும்.

இதேபோல 30க்கும் மேற்பட்ட பாதித் தன்னாட்சி அமைப்புகள் அங்கே உண்டு. ரசாயனத்துக்கு ஹெல்சிங்கியில் ஒன்று, மனித, கால்நடை மருந்துகளுக்கு ஆம்ஸ்டர்டாமில் ஒன்று, புதிய பயிர் ரகங்களின் உரிமைக்குப் பிரான்சின் ஆன்ஷே நகரில் ஒன்று. ரக உரிமை அலுவலகம் விண்ணப்பக் கட்டணத்திலேயே தன் செலவைப் பார்த்துக்கொள்கிறது.

‘பாதி’ என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பார்மா கருத்துதான் சொல்லலாம். தடை விதிக்க முடியாது. தடையும் எச்ச வரம்பும் ஆணையமும் உறுப்பு நாடுகளும் சேர்ந்து எடுக்கும் முடிவு. சில சமயம் நாடாளுமன்றமும் குறுக்கே வரும்.

நெல் குலைநோய்க்கு நாம் அடிக்கும் டிரைசைக்ளசோல் கதையைப் பாருங்கள். கையில் இருந்த ஆய்வுகளை வைத்துக் கெடுதல் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றது பார்மா. அரிசியில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்று இருந்த வரம்பை 2017இல் 0.01 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். ஆயிரம் டன் அரிசியில் பத்து கிராம்! பஞ்சாப், ஹரியானா பாசுமதி விவசாயிகள் தவித்துப்போனார்கள். பிறகு புதிய ஆய்வுகளோடு விண்ணப்பம் போனது. 0.09 வரை இருந்தாலும் உண்பவருக்கு ஆபத்தில்லை என்று பார்மா ஒப்புக்கொண்டது. ஆணையமும் வரைவு தயாரித்தது. 2024 ஜனவரியில் ஐரோப்பிய நாடாளுமன்றம் அதைத் தடுத்துவிட்டது. எங்கள் விவசாயி அடிக்கக் கூடாத மருந்தை அடித்த அரிசி உள்ளே வரலாமா என்பது அங்கே எழுந்த கேள்வி. இதில் விஞ்ஞானம் எங்கே முடிந்தது, அரசியல் எங்கே தொடங்கியது என்று நம்மால் கோடு போட்டுக் காட்ட முடிகிறது. பிரித்து வைத்ததன் பயன் அதுதான் என்பேன்.

ஒன்றைக் கவனியுங்கள். 0.01 என்றாலே ‘கொடிய விஷம்’ என்று பொருள் இல்லை. அங்கே தனி வரம்பு வைக்கப்படாத மருந்துக்கெல்லாம் பொதுவாக விழும் எண் அது. யாரும் ஆய்வு கொடுக்கவில்லை என்றாலும் 0.01தான். நம் ஊர்ச் சிறு பயிர்கள் பலவற்றுக்கு இப்படித்தான் நேர்கிறது. கறிவேப்பிலைக்காக லட்சக்கணக்கில் செலவழித்து எந்த மருந்து நிறுவனம் ஆய்வு செய்யப்போகிறது?

பார்மாவிலும் குறை உண்டு. ஆய்வுகளில் பெரும்பகுதி மருந்து நிறுவனங்கள் தாங்களே செய்து கொடுப்பவை. கிளைபோசேட் விஷயத்தில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்றது. அதே ஆண்டில் பார்மா ‘வாய்ப்புக் குறைவு’ என்றது. ஆய்வுகளைக் காட்டு என்று நீதிமன்றம் வரை போனார்கள். 2019இல் கேட்டவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 2021 முதல் நிறுவனங்கள் கொடுக்கும் ஆய்வுகளைத் தொடக்கத்திலேயே பொதுவில் வைக்கவேண்டும் என்று சட்டமும் வந்துவிட்டது. தாமதமாக வந்தாலும் நல்ல மாற்றம்.

விரிவாக்க அலுவலர்களுக்கு இதில் நேரடி வேலை இருக்கிறது. குளோர்பைரிபாஸ் எப்படிப் போனது என்று பாருங்கள். 2019 ஆகஸ்டில் பார்மா, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பற்றிக் கவலை தெரிவித்தது; மரபணுச் சேதம் இல்லை என்றும் சொல்ல முடியாது என்றது. 2020 ஜனவரியில் அனுமதி புதுப்பிக்கப்படவில்லை. 2020 நவம்பரில் எச்ச வரம்பு 0.01 ஆனது. முதல் எச்சரிக்கைக்கும் துறைமுகத்தில் சரக்கு மாட்டுவதற்கும் நடுவே பதினைந்து மாதம் இருந்தது. அந்தப் பதினைந்து மாதத்தில் நாம் எத்தனை கிராமத்தில் இதைச் சொன்னோம்? நானும் சொல்லவில்லை, அன்று அந்த அறிக்கையை நான் படித்திருக்கவே இல்லை.

இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலைக்கும் வெண்டைக்கும் அங்கே கூடுதல் சோதனை நடந்திருக்கிறது. எனவே ஏற்றுமதிக்குக் கொடுப்பவர்கள் மருந்து தெளிப்பதற்கு முன்பே வாங்குபவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: இந்தச் சரக்கு எந்த நாட்டுக்குப் போகிறது, இந்த மருந்துக்கு அங்கே வரம்பு என்ன, அதன் அனுமதி எந்த ஆண்டோடு முடிகிறது. வரம்புகள் ஆணையத்தின் இணையத் தரவுத்தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கின்றன. தேடுவது கடினமாக இருந்தால் உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலரிடமோ, வேளாண் அறிவியல் நிலையத்திலோ மருந்துப் புட்டியின் லேபிளோடு போய்க் கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் வணிகப் பெயர் மட்டும் போதாது. லேபிளில் சிறிய எழுத்தில் இருக்கும் ரசாயனப் பெயர்தான் அங்கே தேட உதவும்.