வலைப்பக்க வார்ப்புகளைக் கட்டி அனுப்புவது எப்படி?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது ஓர் அன்பர் என்னைப் பிடித்துக்கொண்டார். "என் பையன் பெங்களூரில் 'வெப்பேக்' என்று ஏதோ வேலை பார்க்கிறானாம். கேட்டால் 'உங்களுக்குப் புரியாதுப்பா' என்கிறான். நீங்கள்தான் அழைப்பிதழ்களை வலைப்பக்கமாகச் செய்து தருகிறீர்களே, கொஞ்சம் சொல்லுங்கள்" என்றார். அவருக்குச் சொன்னதையே இங்கு எழுதுகிறேன். வீட்டில் கணினி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் படிக்கச் சொல்லுங்கள், தவறிருந்தால் திருத்தட்டும்.

என் தந்தையார் சேலத்திலிருந்து மைசூருக்கு வந்து மண்டி மொஹல்லாவில் ஒரு டிரெடில் மிஷின் போட்டு அச்சகம் தொடங்கினார். கல்யாணப் பத்திரிகை, மண்டிக் கடைகளின் பில் புத்தகம், நீத்தார் அறிவிப்பு ஆகியவைதான் பிழைப்பு. ஓரப் பூவேலையையும் மாறாத வரிகளையும் கோத்து, இரும்புச் சட்டத்தில் முடுக்கி, அலமாரியில் வைத்திருப்பார். வாடிக்கையாளர் வந்தால் பெயர், நாள், இடம் இவற்றை மட்டும் மாற்றிக் கோத்தால் போதும். இன்று கணினிக்காரர்கள் 'டெம்ப்ளேட்' என்பதும் இதைத்தான். ஈய எழுத்துக்குப் பதில் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழி; அவ்வளவே.

நானும் அதே கடையில் இப்போது கைப்பேசியில் அனுப்பும் அறிவிப்புப் பக்கங்களைச் செய்கிறேன். திருமணத்துக்கு ஒன்று, காதுகுத்துக்கு ஒன்று, இரங்கலுக்கு ஒன்று என்று ஒவ்வொரு வார்ப்புக்கும் தனிக் கோப்பு. பக்கம் திறந்ததும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடி, தேவையான வார்ப்பைச் சேவையகத்திலிருந்து கேட்டு வாங்கி, பெயரையும் நேரத்தையும் நிரப்பும். சில ஆண்டுகள் இது நன்றாகவே நடந்தது.

ஓர் இரவு, நெடுநாள் வாடிக்கையாளர் வீட்டில் பெரியவர் ஒருவர் காலமானார். புதிய இரங்கல் வார்ப்பு ஒன்றை அவசரமாகச் செய்து, சேவையகத்தில் ஏற்றி, முகவரியை அனுப்பிவிட்டுப் படுத்தேன். கோப்பின் பெயரில் முதல் ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தாக வைத்திருந்தேன். நிரலிலோ சிறிய எழுத்து. என் கடையிலுள்ள விண்டோஸ் கணினி இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. சேவையகத்தில் இருப்பது லினக்ஸ்; அதற்கு இரண்டும் வெவ்வேறு கோப்புகள். ஆகவே கடையில் சரியாகத் தெரிந்த பக்கம், கோபிச்செட்டிபாளையத்தில் இருந்த உறவினர்களின் கைப்பேசியில், பெரியவரின் பெயரும் அடக்க நேரமும் இருக்க வேண்டிய இடத்தில், 'பக்கம் கிடைக்கவில்லை' என்ற ஆங்கில வரியைக் காட்டியது.

துக்க வீட்டில் போனை எடுக்க ஆளில்லை. நேரம் தெரிந்து புறப்பட்டுத் திம்பம் மலைப்பாதை ஏறி அவருடைய தங்கை வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. யாரும் என்னை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் பல நாள் உறக்கமில்லை. தவறு முழுவதும் என்னுடையதே. ஏற்றிய பிறகு ஒருமுறை திறந்துபார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். வார்ப்பைக் கேட்டு வாங்கும் 'ஃபெட்ச்' என்ற கட்டளை ஒரு விசித்திரப் பேர்வழி. சேவையகத்திலிருந்து ஏதாவது பதில் வந்தாலே வேலை முடிந்ததாக எண்ணிக்கொள்ளும். 'கோப்பு இல்லை' என்னும் 404 பதிலும் அதற்குப் பதில்தான்! வந்தது நல்ல பதில்தானா என்று நிரல் எழுதுபவர்தான் சோதிக்க வேண்டும். நான் சோதிக்கவில்லை; பிழைச்செய்தியே வார்ப்பு என்று பக்கத்தில் ஏறிவிட்டது.

இதற்கு மாற்றுத்தான் 'பண்ட்லர்', அதாவது மூட்டை கட்டும் கருவி. அவற்றுள் புகழ்பெற்றது வெப்பேக். ஜெர்மனியைச் சேர்ந்த டோபியாஸ் காப்பர்ஸ் 2012இல் தொடங்கியது. தொடக்கக் கோப்பு ஒன்றைக் காட்டினால், அதிலுள்ள 'இம்போர்ட்' வரிகளைப் பின்பற்றி, எந்தக் கோப்புக்கு எது வேண்டும் என்று ஒரு வம்சாவளியே போட்டு, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். மண்டியில் சரக்கு ஏற்றும்முன் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதுபோல.

ஆனால் வெப்பேக் இயல்பாக அறிந்தவை ஜாவாஸ்கிரிப்ட், ஜேசன் இரண்டு மட்டுமே. எச்.டி.எம்.எல். கோப்பை இம்போர்ட் செய்தால், 'இதற்குத் தகுந்த லோடர் தேவைப்படலாம்' என்று சொல்லி நின்றுவிடும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, கோப்பை உள்ளபடியே ஓர் எழுத்துச் சரமாக எடுத்துக்கொள்வது. முன்பு இதற்கு 'ரா லோடர்' இருந்தது. 2020இல் வந்த வெப்பேக் 5ஆம் பதிப்பில் 'அசெட் சோர்ஸ்' என்று அமைப்புக் கோப்பில் குறித்தாலே போதும். வேறொரு கருவியான வீட்டில் கோப்புப் பெயரின் இறுதியில் கேள்விக்குறியும் 'ரா' என்ற சொல்லும் சேர்த்தால் இதே பலன்.

இரண்டாம் வழி 'எச்.டி.எம்.எல். லோடர்'. இது வார்ப்புக்குள் இருக்கும் படங்களையும் கவனித்து மூட்டையில் சேர்த்து, அவற்றின் பாதையையும் திருத்திவிடும். குத்துவிளக்குப் படம் உள்ள கல்யாண வார்ப்புக்கு இதுவே ஏற்றது. முதல் வழியில் படத்தின் பாதை எழுதியபடியே இருப்பதால், இடம் மாறினால் படம் தெரியாது.

இதனால் என்ன லாபம்? வார்ப்பு நிரலோடு சேர்ந்தே போய்விடுகிறது. பக்கம் திறந்தபின் தனியே கேட்க வேண்டியதில்லை. கோப்பு இல்லாவிட்டால் கட்டும்போதே, என் மேசையிலேயே, கருவி நின்றுவிடும். எழுத்து வேறுபாடும் சேவையகம் வரை போகாது. பிழை நடந்தாலும் அது என் கடைக்குள் நடக்கும். துக்க வீட்டில் நடக்காது.

நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சொல்லிவிடுகிறேன். 'எச்.டி.எம்.எல். வெப்பேக் பிளகின்' என்று வேறொன்று உண்டு. அது முதன்மைப் பக்கத்தை உருவாக்குவதற்கு. எல்லா எச்.டி.எம்.எல். கோப்புகளுக்கும் லோடரைப் பொதுவாகப் பூட்டினால், முதன்மைப் பக்கமும் அதில் மாட்டிக்கொண்டு, அதிலுள்ள நிரப்புக் குறிகள் நிரம்பாமல் அப்படியே தெரியும். வார்ப்புகளைத் தனி அடைவில் வைத்து, அதற்கு மட்டும் லோடரைச் சொல்வது நல்லது.

அடுத்தது, வாடிக்கையாளர் தட்டச்சு செய்து அனுப்பும் பெயரை வார்ப்புச் சரத்தில் நேராக ஒட்டக்கூடாது. அதில் குறிமொழி ஒளிந்திருந்தால் பக்கத்தில் ஓடிவிடும். முதலில் வார்ப்பை வைத்து, பின்பு பெயரை வெறும் எழுத்தாக மட்டும் இட வேண்டும்.

குறையும் இல்லாமல் இல்லை. ஒரு காற்புள்ளி மாற்றினாலும் மறுபடி கட்டி ஏற்ற வேண்டும். எல்லா வார்ப்புகளையும் ஒரே மூட்டையில் அடைத்தால் கனம் கூடும். எப்போதாவது பயன்படுவதைத் தனி மூட்டையாகப் பிரித்து, வேண்டும்போது வரவழைக்கலாம்.

என் தந்தையார் முதல் தாளை அடித்ததும் விளக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முழுதும் படித்த பிறகே மிஷினை ஓடவிடுவார். இப்போது நானும் கருவி கட்டி முடித்ததும், மூட்டையை ஏற்றிவிட்டு, கடைக்கு வெளியே தெருவில் நின்று என் கைப்பேசியில் ஒருமுறை திறந்து படித்த பிறகே முகவரியை அனுப்புகிறேன்.

காபி குடித்த அன்பரே, உங்கள் பையன் செய்யும் வேலை இதுதான். அடுத்த முறை போன் செய்யும்போது, "லோடரைச் சரியாகப் பூட்டினாயா?" என்று கேட்டுப் பாருங்கள்!