தியத்தலாவையும் ஒரு தமிழ்த் தளபதியும்

தியத்தலாவை என்றதும் உங்களில் பலருக்கு இராணுவ முகாம்தான் நினைவுக்கு வரும். 1900ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவிலிருந்து போயர் யுத்தக் கைதிகளைக் கொண்டுவந்து வெள்ளையர் அடைத்து வைத்த இடம் அது. 1950இல் படையில் சேரும் இளைஞர்களுக்கான பயிற்சி நிலையம் அங்கே தொடங்கியது. அப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்த எனக்குச் சிறுவயதில் அந்த வெடிச்சத்தம் பயமாக இருந்ததில்லை. பயம் பிறகு வந்தது. 1977 கலவரத்துக்குப் பின் அப்பா எங்களை வன்னிக்குக் கூட்டிப்போனார். அங்கேயே கல்யாணமாகி, கடைசி யுத்தத்தில் கணவரையும் இழந்து, அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். இன்றும் சீருடையைக் கண்டால் நெஞ்சு திடுக்கிடும்.

அப்படிப்பட்ட நான் ஓர் இராணுவத் தளபதியைப் பற்றி எழுதுவது சில சகோதரிகளுக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையில் காவல்காரராக இருந்த எங்கள் தாத்தா, "பட்டாளத்துக்கே பெரியவரா ஒரு தமிழர் இருந்தார், தெரியுமா?" என்று அடிக்கடி சொல்வார். அது உண்மைதான். அவர் பெயர் அன்ரன் முத்துக்குமாரு.

1908இல் பிறந்தவர். ஒக்ஸ்ஃபோர்டில் படித்து, சட்டமும் பயின்று, தொண்டர் படையாக இருந்த இலங்கை இலகு காலாட்படையில் அதிகாரியானார். 1949இல் இலங்கை இராணுவம் அமைந்தபோது முதல் இரண்டு தளபதிகளும் பிரித்தானியர்கள். 1955இல் அந்தப் பதவியை ஏற்ற முதல் இலங்கையர் முத்துக்குமாரு. 1959 முடிவு வரை இருந்தார்.

இடையில் வந்தது 1958. மே மாதத்தில் பொலநறுவையிலும் கொழும்பிலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டு, கலவரத்தை அடக்க இராணுவம் இறக்கப்பட்டது. அகதிகளானவர்களைக் கப்பலேற்றி வடக்கே அனுப்பினார்கள். அந்த நாட்களில் படைக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர்! அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. 1962இல் நடந்த சதி முயற்சிக்குப் பின் படையின் மேல்மட்டம் ஒரே இனத்தின் பக்கம் சாய்ந்தது. முத்துக்குமாரு பிற்காலத்தில் இலங்கையின் இராணுவ வரலாற்றை நூலாக எழுதினார். 2001இல் காலமானார்.

தாத்தா பெருமைப்பட்டாரே தவிர, எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை. 1948இலேயே குடியுரிமை பறிபோனவர்களுக்கு அரச உத்தியோகம் ஏது?

போன மாதம் பதுளை பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு சிங்கள அக்கா இருந்தார். தியத்தலாவையில் பயிற்சி பெற்று, வடக்கில் ஒரு காலை இழந்து வந்தவராம் அவர் கணவர். போஞ்சித் தோட்டம் போட்டு மூன்று பிள்ளைகளை வளர்த்தாராம். யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாராம். ஆனால் இரவில் மூன்று நான்கு தடவை எழும்பிக் கதவைப் பார்ப்பாராம். செத்து ஒரு வருடமாகப் போகிறது.

முத்துக்குமாருவைப் பற்றிச் சொன்னேன். "தமிழ்த் தளபதியா?" என்று நம்பாமல் பார்த்தார். பிறகு என் கணவரைப் பற்றிக் கேட்டார். கொத்தனார் வேலை செய்தவர், ஷெல் விழுந்து போனார் என்றேன். வெகுநேரம் இருவரும் பேசவில்லை. இறங்கும்போது, "வருஷ தானம் வருது, நீங்களும் வாங்க நங்கி" என்று ஊரைச் சொல்லி அழைத்தார்.

போவதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அண்ணி போ என்கிறார்.