இமைக்குக் கயிறு தொடையிலிருந்து

இந்த வாரம் கோடிங் இல்லை, கொஞ்சம் வீட்டு விஷயம்.

மாதவரத்துல இருக்கற எங்க அக்கா பொண்ணுக்கு ஒன்றரை வயசு. பிறந்ததிலிருந்தே இடது இமை பாதிக்கு மேல மூடியிருக்கும். எதைப் பார்த்தாலும் தாடையைத் தூக்கித்தான் பார்ப்பா. "மகாராணி மாதிரி பாக்குறா"ன்னு நாங்க சிரிச்சோம். அந்த இடுக்கு வழியா பார்க்கக் குழந்தை படற பாடு அதுன்னு அப்புறம்தான் புரிஞ்சது.

இதுக்குப் பேர் டோசிஸ். இமையைத் தூக்கற லெவேட்டர் தசை பிறவியிலேயே சரியா வளரலை. ஓரளவு பலம் இருந்தா அந்தத் தசையையே சுருக்கித் தைக்கலாம். பலமே இல்லைன்னா, இமையை நெற்றித் தசையோட கயிறு மாதிரி இணைச்சுடுவாங்க. புருவத்தைத் தூக்கினா இமையும் கூடவே மேல வரும்.

அந்தக் கயிறு எதுல? இங்கதான் விஷயமே.

தொடையின் வெளிப்பக்கம், தோலுக்கடியில ஃபேஷியா லாட்டான்னு வெள்ளையா, நார் நாரா ஒரு உறை இருக்கு. அதுல மெல்லிசா ஒரு பட்டை எடுப்பாங்க. கனடா டாக்டர் கிராஃபோர்டு 1956ல எழுதின முறை. இன்னைக்கும் மத்த எல்லாத்தையும் இதோடதான் ஒப்பிடறாங்க. சொந்தத் திசுங்கறதால உடம்பு ஒதுக்காது, சுத்தியிருக்கற சதையோட ஒண்ணாயிடும், வருஷக்கணக்கா நிக்கும். தொடையில தழும்பு விழும், அது பரவாயில்லை. ஆனா குழந்தைக்கு மூணு வயசாவது ஆகணும். அதுக்கு முன்னாடி போதுமான நீளம் கிடைக்காது.

முன்கை தசைநாணையும் சில டாக்டர்கள் எடுப்பாங்க. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்குங்க. நடுவுல கயிறு புடைக்குதா? சில பேருக்கு அது இருக்கவே இருக்காது. எனக்கு வலது கையில இல்லை!

தானமா வாங்கிப் பதப்படுத்தின ஃபேஷியாவும் உண்டு. தொடையை வெட்ட வேண்டாம், ஆனா இமை மறுபடி இறங்க வாய்ப்பு அதிகம். கடைசியா சிலிக்கான். அது திசுவே இல்லை. நீண்டு கொடுக்கும், பின்னாடி இறுக்கலாம், கழட்டலாம். நாளாவட்டத்துல தளரலாம்.

"அப்ப மூணு வயசு வரைக்கும் பொறுத்துத் தொடையிலேயே எடுத்துக்கலாமே"ன்னு மாமா கேட்டார். எனக்கும் அதுதான் சரின்னு பட்டது. டாக்டர் ஒத்துக்கலை. இமை கண்மணியை மறைச்சா, அந்தக் கண்ணால பார்க்க மூளை கத்துக்காது. சோம்பேறிக் கண்ணுன்னு சொல்வாங்களே, அதான். பார்வை வளர்ற வயசு தாண்டிட்டா, எவ்வளவு நல்ல கிராஃப்ட் வெச்சாலும் இமை திறக்கும், பார்வை முழுசா வராது. இமை லேசா மட்டும் இறங்கின குழந்தைங்க காத்திருக்கலாம். இவளால முடியாது.

அதனால இப்போதைக்கு சிலிக்கான். எங்க பாஷையில ஹாட்ஃபிக்ஸ். தளர்ந்தா, வளர்ந்தப்புறம் தொடை இருக்கு.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம். தூங்கும்போது அந்தக் கண் கொஞ்சம் திறந்தே இருக்கும். இந்த ஆபரேஷன்ல அது சகஜம். காய்ஞ்சுடாம இருக்க அக்கா தினமும் ராத்திரி களிம்பு போடறா. பகல்ல சில மணி நேரம் நல்ல கண்ணுக்குப் பட்டி. அதைப் பிய்ச்சுப் போடறதுதான் மகாராணிக்கு இப்ப முழு நேர வேலை.